பட்டியலை ஊர் முன் படியுங்கள்

2020-ஆம் ஆண்டு ஊரடங்கு மாதங்களில், தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேர் தமிழ்நாட்டில் விவசாயிகளாகப் பதிவானார்கள். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் விழும். அதில் ஏறத்தாழ 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனதாக அந்த செப்டம்பரில் அரசே அறிவித்தது. முறைகேடு நடந்த 13 மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்று. வேளாண் அலுவலர்களின் கடவுச்சொல் இடைத்தரகர்கள் கைக்குப் போயிருந்தது. நிலமே இல்லாதவர் பெயரை ஏற்றிவிட்டு, வந்த பணத்தில் அவர்கள் கமிஷன் பிடித்துக்கொண்டார்கள்.

சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கைதுகள் நடந்தன, ஒரு பகுதிப் பணமும் திரும்பியது. ஆனால், பணம் போகும்போதே ஏன் யாரும் கேட்கவில்லை என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

பட்டா எண்ணும் ஆதார் எண்ணும்தான் கணினிக்குத் தெரியும். மதுராந்தகம் ஏரித் தண்ணீரில் சொர்ணவாரிப் பருவ நெல் நட்டவர் யார், மாமல்லபுரம் சாலையோரம் வயலை மனையாக்கி விற்றுவிட்டவர் யார் என்பது பக்கத்து வரப்புக்காரருக்குத்தான் தெரியும். குத்தகைக்கு உழுகிறவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு காசும் கிடையாது. பட்டா யார் பெயரிலோ அவருக்கே பணம். இந்த அநியாயமும் ஊரறிந்ததே. பயனாளிகள் பட்டியல் கிராமவாரியாக இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அதை எடுத்துப் படித்து, “இவர் எப்போது ஏர் பிடித்தார்?” என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒதுங்குகிறோம். இந்த முகத்தாட்சண்யத்தை நல்ல குணம் என்றும் நம்பிக்கொள்கிறோம். திருடனுக்கு அதுவே காவல்.

இதே வட்டாரத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர் நிர்வாக வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்கிறது அது. தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றிய மாநிலமும் தமிழ்நாடுதான், ஆண்டு 1997. ஆக, இங்கே விதிக்குப் பஞ்சமில்லை. கேட்கும் மனத்துக்குத்தான் பஞ்சம்.

பெயரை வெளியிட்டால் ஏழையின் மானம் போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விவசாய மானியம் பெற்ற தனிநபர்களின் பெயரை வெளியிடும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளை, அந்தரங்க உரிமையைக் காட்டி 2010-இல் அதன் நீதிமன்றமே ரத்து செய்தது. பிறகு, சிறு தொகை பெறுகிறவர்களின் பெயரை மறைத்து விதியைத் திருத்தினார்கள். நாமும் ஒரு கோடு போடலாம்: வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் ஒருவருடைய சொந்தம், பொதுப்பணம் யாருக்கு, எவ்வளவு போனது என்பது ஊரின் சொத்து. உழைக்கிறவர் உரிமையோடு வாங்கும் உதவியில் வெட்கப்பட எதுவுமில்லை. தகுதியின்றி வாங்கியவரே வெட்கப்பட வேண்டும்.

அடுத்த கிராம சபைக்குப் போங்கள். கிசான் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யார் மீதும் பழி போட வேண்டாம், கேட்டால் போதும். உங்கள் பெயரே தவறாக அதில் இருந்தால், பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு முதல் ஆளாக எழுந்து சொல்லுங்கள். பொதுப்பணத்தில் நேர்மை அங்கிருந்துதான் தொடங்கும்.