ஓதுகிற பிள்ளைக்கு ஸகாத் ஆகுமா?

கறம்பக்குடியிலிருந்து வேலூர் பாக்கியாத்துக்கோ வேறு அரபிக் கல்லூரிக்கோ ஓதப் போகும் வாலிபனைப் பார்த்து, “திடகாத்திரமாய் இருப்பவன் உழைக்காமல் ஸகாத் வாங்கலாமா?” எனக் கேட்போர் உண்டு.

ஹனஃபீ மத்ஹபில் உழைக்கும் சக்தி இதற்குத் தடையல்ல. கடனும் அவசியத் தேவையும் போக, நிஸாபு அளவுப் பொருள் அவனிடம் இல்லாதிருந்தால் போதும். பருவமடையாத பிள்ளைக்குத் தகப்பனின் செல்வம் கணக்கில் வரும்; பருவமடைந்தவனுக்கு அவனுடைய நிலையே கணக்கு.

ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஒரு நுட்பம் சொல்கிறார்கள்: உழைக்கப் போனால் கல்வி தடைப்படும் என்றால் மாணவனுக்கு ஸகாத் ஆகும். நஃபிலான வணக்கத்துக்காக உழைப்பை விட்டவனுக்கு ஆகாது. மதரஸாவில் தங்கியும் கல்வி சேராதவனுக்கும் இச்சலுகை இல்லை.

ஏன் இந்த வேற்றுமை? நஃபிலின் பலன் அவனோடு நிற்கிறது. கல்வியோ ஃபர்ளு கிஃபாயா. எவரும் ஓதாவிட்டால் ஊரே குற்றவாளி. நம் கடமையையும் சேர்த்துச் சுமக்கிறவனுக்குக் கொடுப்பது பிச்சையாகுமா?

அல்லாஹ்வின் பாதையில் ஈடுபட்டு, கேட்கக் கூசுவதால் செல்வர்போல் தோன்றும் ஏழைகளை அல்பகரா 273-ஆம் வசனம் நினைவூட்டுகிறது. ஆகவே சகோதரர்களே, அவன் நம் வாசலில் நிற்குமுன் நாம் தேடிச் செல்வோம். ஸகாத் கட்டடத்துக்குச் சேராது; அவனுக்கே சொந்தமாக்கிக் கொடுப்போம்.