புரியாமல் பாடலாமா?

பாட்டுக் கேட்டே ஸ்பானிய மொழியைக் கற்றுவிடலாம் என்று சொல்வோர் இன்று நிறையப் பேர். கற்பிக்கும் முறையைப் பற்றிய பேச்சாகத்தான் இது காதில் விழுகிறது. ஆனால் இதற்கு அடியில் கிடப்பது சமய உலகின் மிகப் பழைய வழக்கு ஒன்று. பொருள் தெரியாமல் பாடுகிற பாட்டுக்கு மதிப்பு உண்டா? கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தில், உள்ளம் பாடினால் மட்டும் போதாது, அறிவும் கூடப் பாட வேண்டும் என்ற பக்கம் நின்றார் பவுல். புனித அகுஸ்தீன் இன்னும் சங்கடப்பட்டார். பாட்டில் சொல்லப்பட்டதைவிடப் பாடிய குரலே தம்மை உருக்கும்போது தாம் குற்றவாளி என்று தம் 'அறிக்கை'யின் பத்தாம் புத்தகத்தில் எழுதுகிறார். ஆனாலும் கோயிலில் பாடுவதை நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. புரிவதற்கு முன் பாடுவது கற்றலின் முறையான தொடக்கம்தான். ஆனால் அது கடனாக வாங்கிய பணம் போன்றது, பிறகு அடைத்தாக வேண்டும்.

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே அர்ஜென்டினாவின் இசையமைப்பாளர் ஆரியல் ராமிரெஸ் தம் 'மிசா கிரியோயா'வை ஸ்பானிய மொழியில் தந்தார். திருப்பலியின் மன்றாட்டுகள் அந்நாட்டு மக்களின் மெட்டுகளில் ஒலித்தன. கோட்பாட்டுச் சுருக்கமாகிய விசுவாச அறிக்கையே சாகரேரா என்ற நடனத் தாளத்தில் ஓடுகிறது. மொழி அறியாமல் அதைக் கேட்பவர் காதில் 'கிரேயோ' என்ற சொல் திரும்பத் திரும்ப விழும். அதற்கு 'நம்புகிறேன்' என்று பொருள். தமிழில் 'நான்' என்று தனியாகச் சொல்லாமலே வினையின் விகுதி ஆளைக் காட்டிவிடுவதுபோல, அங்கும் ஈற்று 'ஓ' அந்த வேலையைச் செய்கிறது. இலக்கணப் புத்தகம் இதை ஒரு பட்டியலில் சொல்லும், தாளமோ வாய்க்கே பழக்கிவிடும். 2014இல் வெளியான எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வொன்றும் இதற்குச் சாட்சி. அறுபது பேருக்குப் பதினைந்தே நிமிடம் ஹங்கேரியச் சிறு தொடர்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடிப் பழகியவர்கள், திரும்பச் சொல்லும் சோதனைகளில் பேசிப் பழகியவர்களை முந்தினார்கள். பதினைந்து நிமிடத்தை வைத்து ஒரு மொழியையே அளந்துவிட முடியாதுதான். ஆனால் ஒலி முதலில் உடம்பில் குடியேறுகிறது என்பதை மறுக்க முடியாது.

குடியேறி என்ன பயன் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். சென்னை சபாக்களில் தியாகராஜர் கீர்த்தனைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் தெலுங்கில் ஒரு கடிதம் எழுதுவார்களா? ஸ்பெயினின் குடியானவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் லத்தீன் பூசை கண்டும் லத்தீன் அறியவில்லை. 'அந்நாட்களில்' என்று பொருள்படும் 'இன் தியேபுஸ் இல்லிஸ்' என்ற தொடரை யாரோ தவறாகப் பிரித்து, 'புஸில்லிஸ்' என்றால் என்ன என்று விழித்ததில் பிறந்ததுதான் 'புசிலிஸ்' என்ற ஸ்பானியச் சொல். ஒரு சிக்கலின் முடிச்சு என்று அதற்கு இன்று பொருள். பாட்டு தவறாகவும் கற்பிக்கும். அழுத்தம் முதல் அசையிலா, நடு அசையிலா, கடைசியிலா என்பதைப் பொறுத்து 'தெர்மினோ' என்பது 'முடிவு' என்றோ 'முடிக்கிறேன்' என்றோ 'அவர் முடித்தார்' என்றோ ஆகும். மெட்டோ தன் வசதிக்கு அழுத்தத்தை நகர்த்திவிடும். மன்றாட்டிலும் பெரும்பாலான காதல் பாட்டுகளிலும் விளிப்பது 'நீ' என்றுதான். அதை மட்டும் கற்றவர் முன்பின் அறியாத முதியவரிடமும் 'நீ' என்றே பேசி, முறைப்பை வாங்கிக்கொள்வார்.

இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவை ஒலியின் குற்றங்கள் அல்ல. சபாவில் உட்கார்ந்தவர் தெலுங்கைத் தேடி வரவில்லை, ராகத்தைத் தேடி வந்தார், அது கிடைத்தது, எழுந்து போனார். லத்தீன் பூசை கண்டவருக்கோ பொருளைச் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. அவர்களுடைய கடன் அடைபடாமலே போயிற்று, அவ்வளவுதான். தேடி வருபவனுக்கு இனிமை வேறு வேலை செய்கிறது. புரியாத ஒன்றை நூறு முறை கேட்கும் பொறுமையை அவனுக்கு வேறு எது கொடுக்கும்? அகராதியை யாரும் நூறு முறை காதலோடு புரட்டுவதில்லை.

ஸ்பானிய மொழியின் பெருங்கவிஞரும் கார்மேல் துறவியுமான சிலுவை அருளப்பரிடம் இந்த இரு பக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. 1577 டிசம்பரில் சொந்தச் சபையாரே அவரைப் பிடித்துத் தொலேதோவில் அடைத்தார்கள். 'ஆன்மிகப் பாடல்' பெரும்பகுதியும் அந்தச் சிறையில் உருவானது. பின்னர் அனா தெ ஹெசூஸ் என்ற துறவி அதற்கு உரை கேட்டார். இத்தகைய ஞானம் அன்பை விளைவிப்பதற்குத் தெளிவாகப் புரிந்தாக வேண்டியதில்லை என்று உரையின் முன்னுரையில் அருளப்பர் எழுதினார். எழுதிவிட்டு, பாட்டின் ஒவ்வொரு வரியாக எடுத்துப் பொருள் சொல்லத் தொடங்கினார். 1584இல் முடிந்த அந்த உரை மூலப்பாட்டைவிடப் பல மடங்கு நீளம்.