யாராவது செய்வார்கள்



தெருக்குழாய் திறந்தபடி கிடந்து தண்ணீர் வீணாய் ஓடுகிறது. நூறு பேர் கடந்து போகிறார்கள். ஒரு வீட்டில் அடிபடுகிற பெண் அலறுகிறாள், தெருவே கேட்டுக்கொண்டிருக்கிறது. சாலையில் ஒருவன் இரத்த வெள்ளத்தில் கிடக்கிறான், சுற்றிலும் பெருங்கூட்டம். இம்மூன்று இடத்திலும் எல்லார் மனதிலும் ஒரே நினைவுதான்: "யாராவது செய்வார்கள்." இது தனி மனிதனுடைய குற்றமா, சமுதாயத்தின் நோயா?

நியூயார்க் நகரில் டார்லி, லத்தானே என்னும் இரு அறிஞர்கள் செய்த சோதனை ஒன்று 1968-ல் வெளிவந்தது. மாணவர்கள் தனித்தனி அறையில் அமர்ந்து இன்டர்காம் கருவி வழியாய் உரையாடுகிறார்கள். திடீரென ஒருவனுக்கு வலிப்புக் கண்டதுபோல் குரல் கேட்கிறது. உண்மையில் அது பதிவு செய்த குரலே. தான் ஒருவனே அதைக் கேட்பதாக நினைத்தவர்களில், வலிப்பு ஓயுமுன்னே நூற்றுக்கு 85 பேர் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்பதாக நினைத்தவர்களிலோ நூற்றுக்கு 31 பேரே எழுந்தார்கள்.

எழாதவர்கள் கல்நெஞ்சர்களா? அல்ல. அவர்களில் பலருக்குக் கை நடுங்கிற்று, "அவனுக்கு ஒன்றுமில்லையே?" என்று கவலையோடு விசாரித்தார்கள். இரக்கம் இருந்தது, ஆனால் பொறுப்பை மற்றவர்களோடு பங்குபோட்டுவிட்டார்கள். கடமை அப்பம் அல்லவே, பங்கிட்டால் குறைந்துபோக! பத்துப்பேர் கூடி ஒருவனைச் சாகவிட்டால், ஒவ்வொருவன் தலையிலும் பத்தில் ஒரு பங்கு குற்றம் அல்ல, முழுக் குற்றமே இருக்கிறது.

"அப்படியானால் கூட்டத்தின்மீதல்லவா பழி?" என்பீர்கள். சேசுநாதர் சொன்ன நல்ல சமாரியன் உவமையை நினைத்துப் பாருங்கள். எரிக்கோ சாலையில் கூட்டமே இல்லை. குருவும் லேவியனும் ஒருவர்பின் ஒருவராய்த் தனியே வந்து, தனியே விலகிப் போனார்கள். ஆகவே கூட்டம் நமக்குச் சாக்குக் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொள்வதோ நம் நெஞ்சம்.

"உலகத்துத் துன்பம் எல்லாவற்றையும் நானா தீர்ப்பேன்?" என்று கேட்பவர்களும் உண்டு. அது உங்களிடம் கேட்கப்படவில்லை. சமாரியன் கள்வர்களைத் துரத்தவில்லை. சாலைக்குக் காவல் போடவுமில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், மறுநாள் தன் வழியே போனான். தன் கைக்கு எட்டியதைச் செய்தான், அது போதுமாயிருந்தது.

"போலீஸ், கோர்ட்டு என்று அலைய யாரால் ஆகும்?" என்பது நம் நாட்டில் நெடுநாளைய அச்சம். விபத்தில் உதவுகிறவர்களைக் காக்கும் நெறிமுறைகளை 2016-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிற்று. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்பாதுகாப்பு சேர்ந்தது. உதவுகிறவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. ஆக, அந்தச் சாக்கும் போயிற்று.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். ஆபத்தைக் கண்டால், முதலில் பார்த்தவன் நானே என்று எண்ணிக்கொள்ளுங்கள். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கூவாமல், "நீலச் சட்டைக்காரரே, நீங்கள் 108-க்குப் போன் செய்யுங்கள்" என்று ஒருவரைச் சுட்டிச் சொல்லுங்கள். சுட்டப்பட்டவர் அசையாமல் நிற்பது அரிது. பிள்ளைகளுக்கோ, ஓடுகிற குழாயை மூடுவதிலிருந்தே இதைப் பழக்குங்கள்.

முற்காலத்துப் பாவசங்கீர்த்தன மந்திரத்தில் நினைவு, வாக்கு, செயல் ஆகிய மூன்றையே சொன்னோம். 1970-ல் வந்த புதிய பூசைப் புத்தகம் நான்காவது ஒன்றையும் சேர்த்தது: செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது. இன்றிரவு ஆத்தும சோதனை செய்கையில், அந்த நான்காவதில் சற்று நேரம் நின்று பாருங்கள்.