கிளட்ச் கட்டை

அத்தையின் காரைப் புதுப்பிக்கத் திருச்சியில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். மூன்றாம் மாதம் போனபோது, மெக்கானிக் அண்ணன் கிளட்ச் பெடலிலிருந்து கழற்றிய ஒரு தேக்குக் கட்டையைக் காட்டி, "இது ஒரிஜினல் இல்லைங்க மேடம், தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்தது. 1961 முதல் சென்னையிலும் தயாரானது. இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும் பானெட் இரண்டுக்கும் உண்டு. "ஸ்போர்ட்ஸ் காருக்கு அக்கா இது" என்பார் அண்ணன்.

அத்தை திருமணம் செய்துகொள்ளாதவர், தலைமையாசிரியை. 1974இல் இதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். குள்ளமானவர், கிளட்சை முழுதாக அழுத்தக் கால் எட்டவில்லை. தச்சரை அழைத்துக் கட்டை பொருத்திக்கொண்டு பதினெட்டு ஆண்டுகள் ஓட்டினார். ஓய்வு பெற்றதும், "இனிமே எங்க போகப் போற?" என்று பெரியப்பா சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். கொட்டகையில் நின்ற காரின் தளத்தகடு துருவேறி உதிர்ந்தது. 'கைவிடப்பட்ட கார்' என்றே நாங்கள் எல்லோரும் சொல்லிவந்தோம். வகுப்பில் செயப்பாட்டுவினை நடத்துகிற நானும், கைவிட வைத்தவர் யார் என்று கேட்கவில்லை.

மீட்டெடுப்பது என்றால் எந்த நிலைக்கு? தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் நிலைக்கு என்பார்கள் பழைய கார் பிரியர்கள். ஆனால் அந்த மூலநிலையில் அத்தையின் காலுக்கு இடமில்லை. கட்டையைக் கழற்றினால் கார் தூய்மையாகும். அதை ஒரு பெண் ஓட்டினாள் என்பதற்கான சாட்சி போய்விடும். நம்மிடமும் இதே தூய்மையைத்தானே கேட்கிறார்கள்? வாழ்ந்த தடம் எதுவும் உடம்பில் தெரியாமல் திரும்பி வரச் சொல்கிறார்கள்.

அப்படியானால் எல்லாத் தடயங்களையும் காப்பாற்ற வேண்டுமா? துருவும் தடயம்தான். இற்றுப்போன தகட்டை வெட்டி எடுக்காமல் கார் ஓடாது. ஓடாத காரை நினைவுச்சின்னமாக நிறுத்தி வைப்பதும், பெரியப்பா செய்ததைத் தொடர்வதும் ஒன்றுதான்.

ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வின் துறையில் படித்தவள் நான். அங்கே செல்லரித்த இடம் வேறு, பாடபேதம் வேறு. செல்லரித்த இடத்தைச் சரிசெய்ய வேறு ஏடு தேடுவார்கள். பாடபேதத்தை எறிய மாட்டார்கள்; தமக்கு அது உடன்பாடு இல்லையென்றாலும் அடிக்குறிப்பிலாவது தருவார்கள். துரு செல்லரிப்பு. கட்டை பாடபேதம்: தனக்காக எழுதப்படாத ஒன்றை ஒருத்தி தன் உடலுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது.

மறுநாள் காலையில் பட்டறைக்கு ஓடினேன். கட்டை பழைய இரும்புக் குவியலில் கிடந்தது. "கண்காட்சியில மார்க் குறைப்பாங்களே மேடம்" என்றார் அண்ணன். குறைக்கட்டும் என்றேன். அவரே மெழுகு தேய்த்து மாட்டிக் கொடுத்தார்.

நான் அத்தையைவிட அரையடி உயரம். எனக்கு அந்தக் கட்டை தேவையில்லை. ஓட்டும்போது முழங்கால் இடிக்கிறது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன்.