வயிற்றைச் சுருக்கினால் நஃப்ஸு சுருங்குமா?

உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று நம் ஜமாஅத்துகளிலும் இருக்கின்றார்கள். அவர்களைப் பற்றி இருவகைப் பேச்சுகள் நம் செவிக்கு எட்டுகின்றன. "அல்லாஹ் படைத்ததை வெட்டிக் குறைக்கலாமா?" என்பது ஒன்று. "வாயைக் கட்டத் தெரியாதவர் வயிற்றை வெட்டிக்கொண்டார், கத்தி செய்த வேலையில் இவருக்கு என்ன பெருமை?" என்பது மற்றொன்று. முதலாவது சட்டத்தைச் சார்ந்தது. அதற்கு விடை எளிது. இரண்டாவது உள்ளத்தைச் சார்ந்தது. அதைத்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அழகுக்காகப் படைப்பை மாற்றுவதும் நோய்க்காக மருந்து செய்வதும் ஒன்றல்ல. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது நாற்றமெடுத்தபோது தங்கத்தால் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அனுமதி அளித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் தேவையை முன்னிட்டு இந்த அனுமதி! நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உறக்கத்தில் மூச்சடைப்பும் ஒருவரை வாட்டும்போது, தேர்ந்த மருத்துவர்கள் வேறு வழிகளால் பயனில்லை என்று கண்டு செய்யும் சிகிச்சை இந்த வகையைச் சேர்ந்ததே. 1987-ல் சுவீடனில் தொடங்கிய நெடிய ஆய்வு ஒன்றின் முடிவு 2007-ல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்ட பருத்த உடலினரிடையே, செய்துகொள்ளாதவர்களை விட மரணம் குறைவு என்று அது காட்டிற்று. கல்யாணப் புடவை எடுப்பாக அமைய வேண்டும் என்பதற்காக மருத்துவமனை வாசலில் போய் நிற்பவர்களைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை.

இனி இரண்டாவது பேச்சுக்கு வருவோம். இச்சிகிச்சையில் நடப்பது என்ன? ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை, சில வேளை அதற்கும் மேலாக, வெட்டியெடுத்துவிட்டு எஞ்சியதைக் குழாய்போல் ஆக்கிவிடுகிறார்கள். மற்றொரு முறையில் இரைப்பையின் மேற்புறத்தில் ஏறத்தாழ 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவே கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு மேல் கொண்ட இடத்தில் இனி இவ்வளவுதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே ஊறுகிறது. அப்பகுதி வெட்டுண்டு போனால் பசியும் மங்கிவிடுகிறது.

ஆகவே அந்த மனிதர் குறைவாக உண்கிறார். இது தவமா? முதல் சில மாதங்களைப் பொறுத்தவரை, குறை கூறுவோர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. உண்ண முடியாதவன் உண்ணாமலிருப்பதைப் பொறுமை என்று நாம் அழைப்பதில்லை. ஆனால் கத்திக்கு எட்டியது இரைப்பை மட்டுமே. கண்ணை அது தொடவில்லை, நாவைத் தொடவில்லை, கவலை வந்தால் பலகாரத் தட்டைத் தேடும் பழக்கத்தையும் தொடவில்லை. கெட்டியான உணவுதான் அந்தச் சிறு பையில் தங்கி நின்று 'போதும்' என்று சொல்லும். சர்பத்தும் ஐஸ்கிரீமும் தங்காமல் வழுக்கிப் போய்விடும். நாள் முழுதும் முறுக்கைக் கொறிப்பவரைத் தடுக்க எந்தத் தையலுக்கும் வலுவில்லை. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் சிலருக்கு இழந்த எடை மெல்லத் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே நஃப்ஸோடு நடக்கும் போராட்டம் முடிந்துவிடவில்லை. அவருக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது, அவ்வளவே.

துணை கொண்டு அடைந்த நன்மை நன்மையாகாதா? வசதி பெற்ற வாலிபர்கள் மணம் முடிக்கட்டும், இயலாதவர்கள் நோன்பு நோற்கட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். மணம் முடித்துப் பார்வையைத் தாழ்த்திக்கொண்ட ஒருவரிடம், "இது உன் கற்பன்று, உன் மனைவி தந்தது" என்று எவரேனும் சொல்வதுண்டா? சூதாடும் நண்பர்களின் தெருவை விட்டே வீட்டை மாற்றிக்கொண்டவனை, "தெருவிலிருந்து கொண்டே அல்லவா நீ திருந்தியிருக்க வேண்டும்" என்று இகழ்வோமா? வயிற்றின் விஷயத்தில் மட்டும் நாம் ஏன் இவ்வளவு கடுமையாகத் தீர்ப்பளிக்கிறோம் என்பது நமக்குப் புரியவில்லை. பருத்த உடலைக் கண்டால் உள்ளேயிருக்கும் நோய் தெரிவதில்லை. உண்ட சோறுதான் தெரிகிறது போலும்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவருக்கு இப்போது கடமை உண்ணாமலிருப்பதல்ல, உண்பது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் வயிற்றின் இச்சையை முறிப்பது பற்றி விரிவாக எழுதியுள்ளார்கள். பசியின் சிறப்புகளை எடுத்துக் கூறிய அவர்களே, வயிற்றின் பாரமும் தெரியாமல் பசியின் வேதனையும் தெரியாமல் இருக்கும் நடுநிலையே நோக்கம் என்றும் விளக்குகிறார்கள். பசியே எடுக்காத இவர் அந்த நடுநிலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து நடந்து வர வேண்டியவர். நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் அவர் உடலுக்குச் சேர வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம். ஆகையால் தட்டில் முதலில் மீன், இறைச்சி, பருப்பு, தயிர், பிறகு காய்கறி, இடமிருந்தால் மட்டுமே சோறு. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். உணவோடு தண்ணீர் குடிக்கலாகாது. அரைமணி நேரம் கழித்து, மிடறு மிடறாக, நாள் முழுவதுமாக ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும்.

மாத்திரையோ ஆயுள் முழுவதற்கும். பி12 என்னும் உயிர்ச்சத்து உடலில் ஏறுவதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருளின் துணை தேவை. இரைப்பை குறைந்தால் அதுவும் குறைகிறது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, டி உயிர்ச்சத்து ஆகியவற்றின் நிலையும் இதுவே. "உடம்புதான் இளைத்துவிட்டதே, இன்னும் எதற்கு மருந்து?" என்று நிறுத்தியவர்களுக்கு இரத்தசோகையும் கைகால் மரத்துப் போவதும் சில ஆண்டுகள் கழித்து வருகின்றன. வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலோ தயமின் சத்து விரைவில் தீர்ந்துபோய், நடை தள்ளாடி, பார்வை இரட்டித்து, நினைவே குலைந்துவிடும் ஆபத்துண்டு. அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற போதனையை நாம் அடிக்கடி மேடையில் கேட்கிறோம். அந்த உரிமை இவர் வீட்டில் மாத்திரைப் புட்டியின் உருவில் இருக்கிறது. (ஜெலட்டின் உறையைப் பற்றிச் சந்தேகப்படுவோர் உறையில்லாத மாத்திரையைக் கேட்டு வாங்கட்டும், மருந்தையே விட்டுவிட அது காரணமாகாது.)

நம் விருந்துகளின் கதை தனி. ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் அழகிய வழக்கம் நம் கடற்கரை ஊர்களில் உண்டு. அதில் இவர் நான்கு பிடி உண்டு கையை எடுத்தால், "என்ன மச்சான், கறி பிடிக்கவில்லையா?" என்று ஒருவர் துண்டை இவர் பக்கம் தள்ளுவார். வீட்டுக்கார லாத்தா, "ஒரு கரண்டி வட்டலப்பமாவது சாப்பிடாவிட்டால் எனக்கு மனத்தாங்கல்" என்பார். அந்த ஒரு கரண்டி இனிப்பு சிறுகுடலில் திடீரென இறங்கினால், குறிப்பாகக் குடலோடு இணைப்புச் செய்தவர்களுக்கு, வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, மயக்கமும் வயிற்றுப்போக்கும் வந்துவிடுவதுண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்களை மீண்டும் மீண்டும் பால் அருந்தச் சொன்ன நபிகள் நாயகத்தின் உபசரிப்பை இதற்கு ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. அவர் பசியால் வாடியிருந்தவர் என்பதை ஏன் மறக்கிறார்கள்? அதே நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பழக்கமில்லாத உடும்புக் கறியைக் குறை கூறாமல் உண்ணாது விட்டார்கள். காலித் (ரலி) அவர்கள் அதே இடத்தில் அதை உண்டார்கள். வற்புறுத்தியவரும் இல்லை, மனம் வருந்தியவரும் இல்லை.

புதிதாக மணமான பெண்கள் விஷயத்திலும் மாமியார்கள் பொறுமை காட்ட வேண்டும். அறுவைக்குப் பின் ஓராண்டு, ஒன்றரையாண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்கும்படி மருத்துவர்கள் கூறுகிறார்கள். விரைவாக உடல் கரையும் காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்குச் சத்துப் போதாது.

ரமளான் வந்தால்தான் மிகப் பெரிய தடுமாற்றம். "இப்போது பசிக்கவே இல்லை, நோன்பு எனக்கு இலேசு" என்று எண்ணி, தையல் ஆறி மூன்று மாதம் ஆகுமுன் நோன்பு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பசி இலேசுதான்; தாகமன்றோ ஆபத்து! ஒன்றரை லிட்டரை மிடறு மிடறாக மஃரிபுக்கும் ஸஹருக்கும் இடையே, உணவுக்கும் தராவீஹுக்கும் உறக்கத்துக்கும் நடுவில், எப்படி முடிப்பார்? முதல் ஆண்டில் நோன்பு வேண்டாமென்று பல மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அனுமதி தந்து, அல்லாஹ் உங்களுக்கு இலேசையே நாடுகிறான் என்ற கருத்தைத் திருமறை அங்கேயே கூறுகிறது. அந்தச் சலுகையை ஏற்பதும் வணக்கமே.

அதன்பின் மருத்துவர் இசைந்தால் நோற்கலாம். நோன்பு திறக்கும்போது தண்ணீரால் திறந்து, சிறிது பொறுத்து நோன்புக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பது இவர்களுக்கு ஏற்றது. பேரீச்சம்பழத்தில் மூன்று வேண்டாம், ஒத்துக்கொண்டால் பாதி போதும். ஸஹரைத் தவற விடலாகாது. இடையே தலைசுற்றல் மிகுந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும்.

விடுபட்ட நோன்புகளுக்கு ஃபித்யா கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது குணமாகும் நம்பிக்கையே இல்லாதவருக்கு உரியது. இவரோ உடல் தேறி வருபவர். களாச் செய்வதே இவர் கடமை. தகுந்த காரணமின்றி அடுத்த ரமளான் வரை தாமதித்தால் ஷாஃபிஈ மத்ஹபில் களாவோடு நாளுக்கு ஒரு முத்து தானியமும் சேரும். ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. நம் நாட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுபுஹிலிருந்து மஃரிபு வரை ஏறத்தாழ 12½ மணி நேரமே. வெயிலின் கடுமையும் அப்போது இராது. வாரத்துக்கு ஒரு நோன்பாக, இடையில் தண்ணீருக்கும் புரதத்துக்கும் ஆறு நாட்கள் விட்டு, அந்த மாதங்களில் தொடங்கலாம்.