வாசலில் சொன்ன சொல்

2025 செப்டம்பர் 4 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாயும் எல்.ஜி.யும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரித் தொழிற்சாலைக்குள் குடிவரவு அதிகாரிகள் புகுந்து 475 பேரைப் பிடித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொரியர்கள். பலர் குறுகிய கால வணிக விசாவிலோ விசா விலக்கிலோ வந்தவர்கள். இயந்திரம் பொருத்துவது அந்த அனுமதிக்குள் அடங்கும் என்று அவர்கள் தரப்பில் வாதம் எழுந்தது. ஆனால் வாதம் கேட்கப்படுவதற்கு முன்பே கையிலும் காலிலும் விலங்கு ஏறிவிட்டது.

வத்திராயிருப்புப் பக்கத்துப் பெற்றோருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நெல்லையும் தென்னையையும் நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் படித்துவிட்டு, சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் மடிக்கணினியோடு வேலை பார்க்கிறார்கள். அக்கா பிரசவத்துக்கு அமெரிக்கா போக வேண்டியிருக்கிறது. நண்பர்களோடு பாங்காக் போக ஆசை வருகிறது. கையில் இருப்பது சுற்றுலா விசா. விடுப்போ மிச்சமில்லை. "அங்கிருந்தே லாகின் பண்ணிக்கிறேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்ற பேச்சு இன்று வெகு இயல்பாக வருகிறது. அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காதபோது அப்படிச் செய்வது தவறு. மாட்டிக்கொள்ளாவிட்டாலும் தவறுதான்.

விமான நிலைய அதிகாரி கேட்பது ஒரே கேள்வி: எதற்காக வந்தீர்கள்? அதற்குச் சொல்லும் பதிலின் பேரில்தான் கதவு திறக்கிறது. சுற்றிப் பார்க்க என்று சொல்லி நுழைந்தவர் மறுநாள் காலை அலுவலக வேலையில் உட்கார்ந்தால், அனுமதி பெற்ற ஆள் ஒருவர், உள்ளே இருக்கும் ஆள் வேறொருவர். திருக்குறளில் கூடாவொழுக்கம் 28ஆம் அதிகாரம், கள்ளாமை 29, வாய்மை 30. இந்த வரிசை தற்செயலானது என்று தோன்றவில்லை. வேடம் ஒன்றும் செயல் வேறொன்றுமாக வாழ்வது முதலில். பிறருக்கு உரியதை மறைவாக எடுப்பது அடுத்து. இரண்டுக்கும் மாற்றாக வாய்மை. ஊர் அறியாவிட்டாலும் வஞ்சகனின் உடம்புக்குள் இருக்கும் பூதங்கள் ஐந்தும் உள்ளேயே சிரிக்கும் என்கிறார் வள்ளுவர். பழி சேருமென்றால் உலகமே கிடைத்தாலும் வேண்டாம் என்பவர்களால்தான் இவ்வுலகம் நிற்கிறது என்று புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடினான். பட்டினப்பாலை காட்டும் புகார்த் துறையில் சோழனின் புலி முத்திரை பதித்த பிறகே சரக்குகள் நகர்ந்தன. பெரும்பாணாற்றுப்படையில் சுங்கம் வாங்கும் பெருவழிகளை வில்லேந்திய காவலர் காத்தார்கள். எல்லையும் வாசலும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொல்லை என்று நினைப்பவர்கள் இவற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்று அதே வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறார்தான். ஆனால் குற்றமில்லாத நன்மை விளைய வேண்டும் என்ற நிபந்தனையோடு சொல்லியிருக்கிறார். விடுப்பை மிச்சம் பிடிப்பது அந்த நன்மை ஆகாது.

வாசலில் கிடைக்கும் அனுமதிக்கும் ஓர் எல்லை உண்டு என்பது சதுரகிரிக்குப் போகிறவர்களுக்கு எளிதில் விளங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் மலை அது. தாணிப்பாறை வாசலில் வனத்துறை அனுமதிப்பது சாமி கும்பிட. மலையில் இரவு தங்கவோ மூலிகை பறிக்கவோ அல்ல. "உள்ளேதான் விட்டுவிட்டார்களே" என்று சொல்லிக்கொண்டு வேரைப் பிடுங்குகிறவரை எந்தப் பக்தரும் ஆதரிக்க மாட்டார்.

"சம்பளம் இந்தியாவில் வருகிறது, அந்த ஊர்க்காரர் வேலை எதையும் நான் பறிக்கவில்லை" என்பது அடுத்த வாதம். வேலை எங்கே நடக்கிறது என்பதைச் சர்வரை வைத்தோ வங்கிக் கணக்கை வைத்தோ சட்டம் முடிவு செய்வதில்லை. ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் பார்க்கிறது. அமெரிக்க வரிச்சட்டத்தில், வெளிநாட்டு முதலாளிக்காக அங்கிருந்து செய்யும் வேலைக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆண்டில் 90 நாளுக்கும் 3,000 டாலருக்கும் மேற்படாதவரை மட்டுமே. விசாச் சட்டமோ இதைத் தெளிவாக அனுமதிக்கவும் இல்லை. நுழைவுக்காக வேண்டுமென்றே உண்மையை மறைத்ததாக அதிகாரி எழுதிவிட்டால், நுழைவுத் தடை வாழ்நாள் முழுதும் தொடரலாம். 2025 பிப்ரவரியில் பிடிபட்ட, பிரிட்டனைச் சேர்ந்த ஓர் இளம்பெண், தங்க இடம் கிடைத்ததற்கு ஈடாக வீட்டுவேலை செய்தார் என்பதற்காக அமெரிக்கத் தடுப்புக்காவலில் ஏறக்குறைய மூன்று வாரம் இருந்தார். பாத்திரம் கழுவுவதே வேலையாகக் கணக்கில் வரும் இடத்தில் மடிக்கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் காலத்துக்குப் பின்தங்கியிருக்கிறது என்ற குறை நியாயமானதே. ஆனால் பல நாடுகள் அதைத் தாமே சரிசெய்து வருகின்றன. 2024 ஜனவரி 31 முதல் பிரிட்டன், பயணத்தின் முக்கிய நோக்கமாக இல்லாதவரை, தொலைவேலையை ஏற்கிறது. 2025 ஜனவரி 27 முதல் நியூசிலாந்து தன் பார்வையாளர் விசாவிலேயே அதை அனுமதித்துவிட்டது. தாய்லாந்து 2024இல் இதற்கென்றே ஐந்தாண்டு விசா கொண்டுவந்தது. மலேசியாவில் 2022 முதல் தனி அனுமதி இருக்கிறது. நேர்வழி இத்தனை இருக்க, பக்கவாசலுக்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

நம் நாட்டிலும் இதே விதிதான். 2025 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, விசா நிபந்தனையை மீறும் வெளிநாட்டவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கொடைக்கானலிலோ கோவாவிலோ அவர்கள் செய்தால் குற்றம், அவர்கள் ஊரில் நாம் செய்தால் சாமர்த்தியம் என்பது அறமாகாது.

பழி முழுவதையும் இளைஞர் தலையில் கட்டவும் கூடாது. வணிக விசாவில் ஆட்களை அனுப்பி வேறு வேலை வாங்கியதாக எழுந்த புகாரில், 2013 அக்டோபரில் இன்ஃபோசிஸ் அமெரிக்க அரசுக்கு 3.4 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது; திட்டமிட்ட மோசடி என்ற குற்றச்சாட்டை அது மறுத்தது. இதைவிடக் கொடியவர்கள் சுற்றுலா விசாவைக் காட்டி வேலை விற்கும் ஏஜென்டுகள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் அடிமைப்பட்டார்கள். நுழைவே முறைகேடாகிவிட்டால், அடிபட்டவனுக்குக் காவல் நிலையம் போகவும் கால் வராது.

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் போகும் நாட்டின் தூதரக விதியைப் படியுங்கள். நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். இரண்டில் ஒன்று இடம் கொடுக்காவிட்டாலும் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, மடிக்கணினியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.