பாகமும் தேவையும்

மனமொவ்வாத தம்பதியர் பிரிய நேரும்போது நகையையும் ரொக்கத்தையும் பகிர்ந்துகொள்வது எளிது. இருவர் உழைப்பிலும் வளர்ந்து, பிரிவுக்குப் பின்னும் நாள்தோறும் நடந்தாகவேண்டிய தொழிலொன்றைப் பகிர்வதே தர்மசங்கடமானது.

இங்கிலாந்தின் சாமர்செட் பிரதேசத்துப் பால்பண்ணையொன்றின் வழக்கில் இச்சங்கடம் நன்கு வெளிப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூட்டாளிகளாகவே இருந்து பண்ணையை நடத்திய கணவனும் மனைவியும் பிரிந்தனர். கறவைப் பசு எஜமானர்களின் மனஸ்தாபத்தை அறியாது. விடியற்காலையிலும் மாலையிலும் அதன் மடி கனத்துவிடும், யாரேனும் கறந்தே தீரவேண்டும். நடக்கும் பண்ணையைக் கூறுபோடலாகாதென்று கருதிய முதல் நீதிபதி, தாமே தனியாக விவசாயம் செய்ய விரும்பிய அந்த அம்மையாருக்குக் குடியிருக்க வீடும் ஜீவனத்துக்கு வருமானமும் போதுமென்று கணக்கிட்டு, ஏறக்குறைய 46 லட்சம் பவுண்டு பெறுமான ஆஸ்தியில் 8 லட்சம் கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டில் அது 15 லட்சமாயிற்று. 2000-ஆம் ஆண்டில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை அதனை உறுதிசெய்தபோது, பொருளீட்டியவர், இல்லம் பேணியவர் என்று பேதம் பாராட்ட இடமில்லையென்றும், எந்தப் பங்கீட்டையும் சமபாகம் என்னும் அளவுகோலில் வைத்துப் பார்க்கவேண்டுமென்றும் நிக்கல்ஸ் பிரபு தீர்ப்பெழுதினார். கணவனின் தந்தை செய்த பண உதவியும் எண்ணப்பட்டதால் பாதிக்குக் குறைந்த தொகையே நியாயமெனப்பட்டது.

முதல் தீர்ப்பின் பிழை தொகையில் மட்டும் இல்லை. அண்ணனும் தம்பியும் கடையைப் பாகம் பிரிக்கையில், தம்பி வீட்டுக்கு மாதம் எத்தனை படி அரிசி ஆகுமென்று எவரும் விசாரிப்பதில்லை. மனைவி என்று வந்தவுடன் மட்டும் பங்கு என்னும் சொல் மறைந்து தேவை என்னும் சொல் முன்னே வந்து நிற்பது, உழைத்தவளை யாசிப்பவளாக்கிவிடுகிறது. தொழில் சிதையக்கூடாது, அதை நம்பிய கூலியாட்களும் கடன் கொடுத்தவர்களும் கெடக்கூடாது என்ற வாதம் மெய்யானதே. ஆயினும் அது கேட்பது தவணையையும் அவகாசத்தையுமேயன்றிக் குறைந்த பாகத்தை அன்று. தொழிலை முழுமையாக வைத்துக்கொள்ளும் சௌகரியம் யாருக்கோ, அதன் விலையும் அவரையே சேரும்.

பங்கிடவேண்டிய சொத்தில் ஒரு பகுதி டிரஸ்டாக எழுதிவைக்கப்பட்டிருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். பேரக்குழந்தைகளின் படிப்புக்கென்று நல்ல காலத்தில் எழுதிவைத்ததைப் பெற்றோரின் சண்டையில் கலைப்பது அநியாயம். பிணக்கு முற்றிய பின் மனைவியின் கைக்கு எட்டாதபடி அவசரமாக எழுதப்பட்ட பத்திரமோ, டிரஸ்டு என்று பெயர் பூண்ட ஒளிவிடம். விவாகத்தை முன்னிட்டு ஏற்பட்ட சொத்தேற்பாடுகளை மாற்றியமைக்கும் அதிகாரம் ஆங்கிலேய நீதிமன்றத்துக்கு 1859 முதலே உண்டு.

நம் நாட்டில் 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஜீவனாம்சத்தைப் பேசுகிறது. 27-ஆம் பிரிவு, விவாக சமயத்தில் அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பேசுகிறது. மஞ்சள் தடவிய பேரேட்டில், இருபது வருஷத்து வரவுசெலவும் மனைவியின் கையெழுத்திலேயே இருக்கும் கடைகள் நம்மூர்களில் அநேகம். கல்யாணத்தில் வந்த வெள்ளிக் குத்துவிளக்குக்கு 27-ஆம் பிரிவில் இடமுண்டு. அந்தப் பேரேட்டுக்கு இல்லை.